சாம்பல் அட்டைப் பெண்ணுக்கு ஒரு பிரார்த்தனை

அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். அவள் வீட்டுக்காரரை எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடப்போய், இவளுக்கு அண்ணி என்று ஒட்டிக்கொண்டது. வயதில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் முகம் கோணாமல் திரும்பிப் பார்ப்பாள்.

தெருமுனைச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. காலையில் கடவுளைக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியைச் சூடேற்றினால் கடை சாத்தும்வரை நின்றபடிதான். காலர், தோள், கை, முன்பக்கம், பின்பக்கம் என்று கை அது பாட்டுக்கு ஓடும். மனசு வேறு எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் மனசு வீட்டுக்குப் போகும், பிள்ளைகளிடம் போகும். அண்ணியின் மனசு நாவலுக்குப் போகும்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய அசையத்தான் படிப்பாள். ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள் அடுப்பில் வைத்தது பொங்கிவிடும். ஆனாலும் அவள் படித்ததெல்லாம் புத்தம் புது நாவல்கள். கடைகளுக்கே இன்னும் போய்ச் சேராதவைகூட அவள் தலைமாட்டில் கிடக்கும்.

அதற்குக் காரணம் அண்ணன். அவர் ஒரு பதிப்பகத்தின் கிடங்கில் புத்தகக் கட்டுப் போடுகிறவர். அச்சாகி வருகிற புத்தகங்களில் பழுதானதை ஒதுக்கி வைப்பதும் அவர் பொறுப்பு. ஒன்றில் நடுவில் பக்கம் இருக்காது. ஒன்றில் வந்த பக்கமே மறுபடியும் வந்திருக்கும். ஒன்றைத் தலைகீழாகத் தைத்திருப்பார்கள். அதெல்லாம் விற்க ஆகாது, எடைக்குத்தான் போகும். "போறதுக்கு முன்னாடி வேணுங்கிறத எடுத்துக்கய்யா" என்று முதலாளி சொல்லியிருந்தார். அண்ணனுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. "கட்டுப் போடுறவன் படிக்க உக்காந்தா லாரி நின்னுடும்" என்பார். மனைவிக்காகத்தான் எடுத்து வருவார்.

ஆக, அண்ணியின் கைக்கு வந்த ஒவ்வொரு நாவலிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. மனுஷர்களிடம் இல்லாத குறையா என்று அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தலைப்பைச் சொல்லி அவள் ஒரு நாவலையும் குறிப்பிட மாட்டாள். அட்டை நிறம்தான் கணக்கு. மஞ்சள் அட்டையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உயரமான கட்டடத்தில் குடியிருந்துகொண்டு ஆளுக்கொரு அறையில் போனைப் பார்த்தபடி பிரிந்துபோவார்கள்.

"என்னங்க, அந்தத் தடிப் புத்தகத்துல ஒரு எடத்துலகூட அவங்க வீட்டு அடுப்பு எரியலங்க" என்றாள் அண்ணனிடம். "ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சே காலத்த ஓட்டுறாங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்தா சண்ட வராம என்ன வரும்?"

"நியாயம்தான். இங்க எப்ப அடுப்பு எரியும்?" என்று கேட்டார் அண்ணன்.

சிவப்பு அட்டையில் யார் பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு அடையாளமும் போடாமல் எழுதியிருந்தார்கள். அண்ணி கொஞ்சம் திணறினாள். பிறகு ஆளுக்கொரு குரலைத் தானே வைத்துக்கொண்டாள். அதில் வருகிற மாமியாருக்கு மேல்மாடி நர்ஸம்மாவின் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. பச்சை அட்டையில் ஒரு பெரியவர், பிள்ளைகள் பேச்சைக் கேட்டு வீட்டை விற்றுவிட்டு, ஒரு பையோடு தெருவில் நிற்கிறார். எந்தப் பக்கம் நடப்பது என்று யோசிக்கிறார். அதோடு பக்கம் தீர்ந்துபோயிருந்தது.

"இப்ப எழுதுறவங்க நல்லாத்தான் எழுதுறாங்க" என்பாள் கடையில் யாராவது கேட்டால். "ஆனா கதய மொதல்ல இருந்து சொல்ல மாட்டேங்கிறாங்க. நடுவுல ஆரம்பிச்சு, பின்னாடி போயி, மறுபடி முன்னாடி வந்து, சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. மொதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, உள்பக்கந்தான தையல் தெரியுது. எங்க பிடிச்சிருக்கு, எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு தெரியுது. அதுவும் ஒரு அழகுதான்."

இப்படி இருக்கும்போதுதான் சாம்பல் அட்டை வந்து சேர்ந்தது.

அதில் ஒரு பெண். போன் எடுத்துப் பதில் சொல்கிற வேலை அவளுக்கு. புருஷனோடு ஒத்துவராமல் ஒரு விடுதியில் வந்து தங்கியிருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. விடுதிக்காரிக்குத் தெரிந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவாள் என்று பயந்து, வயிறு பெருக்கப் பெருக்க உடுப்பின் தையலைப் பிரித்து, விட்டுத் தைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தை அண்ணி திரும்பத் திரும்பப் படித்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று அவளுக்குப் பட்டது. கடைசியில் ஒரு மழைச் சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு வலி எடுக்கிறது. தனியாகப் பேருந்தில் ஏறுகிறாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தைத் திருப்பினால், ரிப்பன் அவிழ்ந்த ஒரு சின்னப் பெண் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.

அண்ணி முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள். முதல் அத்தியாயத்தில் வந்த அதே சைக்கிள், அதே ரிப்பன், அதே வரிகள். வலியில் துடிக்கிற பெண்ணுக்குச் சின்ன வயசு ஞாபகம் வருகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். முதலில் சாதாரணமாகப் படித்த அதே வரிகள் இப்போது கத்தியாக இறங்கின. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கடைசிவரை படித்தாள்.

அண்ணன் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டை நீட்டியபடியே சொன்னாள். "என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா? வலி வர்றப்ப மொத அத்தியாயத்தையே எடுத்துக் கடைசில வச்சிட்டாங்க. அன்னிக்கு சைக்கிள்ல இருந்து விழுந்தா, அப்பா தூக்கி விட்டாரு. இன்னிக்கு விழுந்தா யாரு தூக்குவா? சொல்லாமச் சொல்லிட்டாங்க."

அண்ணன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். முதுகுப் பக்கம் பார்த்தார், தையலைப் பிரித்துப் பார்த்தார்.

"சொல்லாமயும் சொல்லல, சொல்லியும் சொல்லல. கடைசி ஃபாரத்துக்குப் பதிலா மொத ஃபாரத்த வச்சுத் தச்சிட்டானுங்க. ஒரு ஃபாரம்னா பதினாறு பக்கம், அத்தனையும் போச்சு. அதான இது என் கைக்கு வந்துச்சு."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"பஸ்ஸுல நிக்கிறாளே."

"நின்னுட்டுப் போறா. பசிக்குது."

அண்ணி சோற்றைப் போட்டாள். ஆனால் தன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். வலியோடு ஒருத்தியைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டுவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று இருந்தது.

மேல்மாடியில் நர்ஸம்மா வீட்டில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் இருந்து ஓய்வுபெற்றவர் நர்ஸம்மா. குரல் கறார், மனசு பஞ்சு. பூட்டுக்கடைக்காரி வருவாள், தையல்காரி வருவாள், அண்ணி வருவாள். சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத அண்ணிக்கு அந்த வீடுதான் பிறந்த வீடு. அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு முறைவைத்துச் சோறு கொண்டுவந்தவர்கள் அந்தப் பெண்கள்.

கஷ்டத்தில் இருக்கிற யாருக்காகவாவது ஒவ்வொருத்தியும் கடவுளிடம் கேட்கலாம். ஆனால் நர்ஸம்மா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பெயர் சொல்லக்கூடாது, யார் என்று கேட்கவும் கூடாது. "கடவுளுக்கு விலாசம் தெரியும். நமக்கு எதுக்கு?" என்பார். அங்கே பேசியது படியிறங்காது என்பதால்தான் எல்லோரும் மனசு விட்டுப் பேசினார்கள்.

பச்சை அட்டைப் பெரியவருக்காக அண்ணி ஏற்கெனவே அங்கே கும்பிட்டிருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. புருஷன விட்டுட்டு வந்துட்டா. நெற மாசம். தொணைக்கு ஒரு ஆள் கெடையாது. நல்லபடியா பெத்துப் பொழைக்கணும் சாமி."

இதில் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. தெரிந்த பெண்தானே. அடுத்த வீட்டுக்காரியைவிட நன்றாகத் தெரியும். அடுத்த வீட்டுக்காரி உடுப்பை விட்டுத் தைப்பதை யார் பார்த்தார்கள்?

வாரங்கள் ஓடின. படியில் பார்க்கிறபோதெல்லாம் பூட்டுக்கடைக்காரி, "என்ன அண்ணி, அந்தப் பொண்ணுக்கு ஆச்சா?" என்று கேட்பாள். "இன்னும் ஒண்ணும் தெரியல" என்பாள் அண்ணி. அதுவும் உண்மைதான்.

ஒருநாள் பிரார்த்தனை முடிந்ததும் நர்ஸம்மா உள்ளே போய் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து அண்ணியின் மடியில் வைத்தார். தையல்காரி தைத்த குட்டிக் குட்டிச் சட்டைகள். நர்ஸம்மாவின் மெத்தென்ற போர்வை. வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க். அடியில் கனமாக ஏதோ இடித்தது.

"அது பூட்டு" என்றாள் பூட்டுக்கடைக்காரி. "தனியா இருக்கிற பொண்ணு. என் கடையிலயே ஒசந்தது. ரெண்டு சாவி இருக்கு, ஒண்ணு நீங்க வச்சுக்குங்க."

"யாருன்னு கேக்கல" என்றார் நர்ஸம்மா. "ஆனா அடுத்த வாரம் பிரார்த்தன முடிஞ்சதும் நான் உன்கூட வந்து ஒரு எட்டு பாத்துடறேன். இந்த நேரத்துல ஒருத்தி கைய வச்சுப் பாக்கணும்."

அண்ணி தலையை ஆட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அட்டைக்குள் இருக்கிறவளுக்காக நிஜமான மனுஷிகளைத் தையல் மெஷினில் உட்கார வைத்துவிட்டாள். பிரார்த்தனையில் பொய் சொன்னவள் என்று ஆகிவிட்டால், அந்த வீட்டுப் படியை இனி எப்படி மிதிப்பாள்? அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு எந்த வீடு?

மறுநாள் கடையில் அந்தக் குட்டிச் சட்டைகளை வெளியே எடுத்தாள். கசங்கிய துணியை அப்படியே வைத்திருக்க அவள் கைக்கு மனசு வராது. பெட்டியின் மூக்கு மட்டும்தான் அந்தச் சட்டைக் கைக்குள் நுழைந்தது. காலர் விரல் அகலம்கூட இல்லை. எந்தப் பெரிய மனுஷர் சட்டைக்கும் காட்டாத பக்குவத்தோடு ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்தாள். கவலையை மீறி முகத்தில் சிரிப்பு வந்தது. இதைப் போட்டுக்கொள்ள ஒரு பிள்ளை எங்காவது இல்லாமலா போகும், ஆண்டவனே, ஒரு வழி காட்டு என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, சாம்பல் அட்டையில நல்ல காப்பி ஒண்ணு வேணும்."

"நல்ல காப்பிய எடுத்தா முதலாளி என்னையும் சேத்துக் கட்டுப் போட்டு லாரில ஏத்திருவாரு."

"எடுக்கச் சொல்லல. கேளுங்க. படிச்சிட்டுத் தந்திடறோம்னு கேளுங்க. மேல போயி உண்மையச் சொல்றப்ப, அவ பொழச்சாளா இல்லையான்னாவது நான் சொல்லணும்ல?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். முதலாளி வெளியூர் போயிருந்தார். பிரார்த்தனை நாள் சாயங்காலம் வரைக்கும் புத்தகம் வரவில்லை, அண்ணனும் வரவில்லை. அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் படியேறினாள்.

எல்லோரும் உட்கார்ந்ததும், கண்ணை மூடுவதற்கு முன்னால், பையை நடுவில் வைத்தாள்.

"இத நான் குடுக்கல. குடுக்க முடியாது. அந்தப் பொண்ணு ஒரு புத்தகத்துல இருக்கா."

யாருக்கும் புரியவில்லை. தையல்காரி, "புத்தகக் கடையில வேல பாக்குறாளா?" என்று கேட்டாள்.

"கடையில இல்ல. புத்தகத்துக்குள்ள. நாவல்ல வர்ற பொண்ணு. கடைசிப் பக்கம் விட்டுப்போன புத்தகம். வலியோட பஸ்ஸுல நிக்கிறா, அப்புறம் என்ன ஆச்சுன்னு இல்ல. மனசு கேக்கல, அதனால கும்பிட்டேன். நீங்க நெஜம்னு நெனப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

பூட்டுக்கடைக்காரி மெதுவாக முன்னால் நகர்ந்தாள்.

"அண்ணி. வீட்ட வித்துட்டுத் தெருவுல நின்னாரே ஒரு பெரியவரு."

"அவரு பச்ச அட்ட."

"அவரும் நாவலா?"

"ஆமா."

"அவருக்காக நான் என் மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். நீங்களா கூட்டிட்டு வருவீங்கன்னு பாத்துட்டு இருக்கேன். வாடகைக்குக் கேட்டவங்களகூட, ஒரு பெரியவரு வர்றாருன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அப்ப மூட்டுவலின்னு கும்பிட்டீங்களே, உங்க நாத்தனாரோட மாமியாரு, அவங்க எந்த அட்ட?"

"இல்ல இல்ல, அவங்க நெஜம். மூட்டுவலியும் நெஜம்."

அதற்குமேல் பூட்டுக்கடைக்காரியாலும் அடக்க முடியவில்லை. நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு சர்க்கர ஏறினப்ப நீ கும்பிட்டியே, அதே வாயிலதான அவளுக்கும் கும்பிட்ட?"

"ஆமா நர்ஸம்மா."

"அதே மனசா? இல்ல, இவ புத்தகந்தானேன்னு கொஞ்சம் கொறச்சுக் கேட்டியா?"

அண்ணி யோசித்துப் பார்த்தாள். "கொறைக்கல. கொஞ்சம் கூடத்தான் கேட்டேன். உங்களுக்காவது டாக்டர் இருந்தாரு."

நர்ஸம்மாவின் முகம் இளகியது. "அப்ப பொய் எங்க இருக்கு? பேரச் சொல்லாத, யாருன்னு கேக்காதன்னு சட்டம் போட்டவ நான். சரி அத விடு. பஸ்ஸு எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியலையே."

"பெரிய ஆஸ்பத்திரி வழியா போற பஸ்ஸா? எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ வலி வருதுன்னு எழுதியிருக்காங்களா? ஒண்ணும் போடாம விட்டுட்டாங்களே" என்று அவர் படபடத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ செருமினார்கள். அண்ணன். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம்.

"முதலாளி மத்தியானந்தான் வந்தாரு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "விஷயத்தச் சொன்னேன். நம்ம புத்தகத்துக்கு இப்படியும் ஒரு ஆளான்னு கேட்டுட்டு, வச்சுக்கச் சொல்லிக் குடுத்துட்டாரு."

"நீங்க கடைசியப் படிச்சீங்களா?" என்று பூட்டுக்கடைக்காரி எழுந்தே விட்டாள்.

"நான் கட்டுப் போடுற ஆளுங்க."

அண்ணி பொட்டலத்தைப் பிரித்தாள். எல்லோரும் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். அண்ணி வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பேருந்தில் ஒரு கிழவர் அந்தப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தார். ஓட்டுநர் எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓட்டினார். இறங்க வேண்டியவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு மணியடிப்பதை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று கதை நடத்துநரின் அம்மாவைப் பற்றிப் போக ஆரம்பித்தது. பக்கம் பக்கமாகப் போனது.

"கண்டக்டர் அம்மாவ இப்ப யாரு கேட்டா?" என்றாள் பூட்டுக்கடைக்காரி.

"புது நாவல்னா அப்படித்தான்" என்றாள் அண்ணி, ரொம்பத் தெரிந்தவள் மாதிரி. "திரும்பி வருவாங்க. பொறு."

திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரி, நீளமான நடைக்கூடம், விளக்குகள். அந்தப் பெண் மயங்குகிறாள். கண்ணைத் திறக்கிறாள். எங்கிருந்தோ ஒரு குழந்தை அழுகிற சத்தம். 'யாரு அழறது?' என்று கேட்கிறாள்.

அண்ணி நிறுத்தினாள்.

"ம், மேல" என்றார் நர்ஸம்மா.

"அவ்வளவுதான்."

"திருப்பிப் பாரு."

திருப்பினாள். வெள்ளைப் பக்கம். எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை வாங்கித் தையலைப் பார்த்தார், பக்க எண்ணைப் பார்த்தார்.

"இது நல்ல காப்பிதாங்க. முழுசா இருக்கு."

"காசு குடுத்து வாங்குறவங்களுக்கும் இவ்வளவுதானா?" என்றாள் பூட்டுக்கடைக்காரி. "பொறந்துச்சா இல்லையா, ஆணா பொண்ணா, ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டாரே எழுதின மனுஷன். அவருக்கும் சேத்துக் கும்பிடணும் போல இருக்கே."

நர்ஸம்மா கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார்.

"பொறந்துடுச்சு" என்றார். "பிரசவ அறையில எத்தன தாய்மாரப் பாத்திருக்கேன். கண்ண முழிச்சதும் மொத வார்த்த அதுதான். தண்ணி வேணும்னு கேக்க மாட்டா, நான் எங்க இருக்கேன்னு கேக்க மாட்டா. யாரு அழறதுன்னுதான் கேப்பா. தாயும் நல்லாருக்கா, பிள்ளையும் நல்லாருக்கு. எழுதினவருக்குத் தெரியாட்டி போகட்டும்."

அண்ணிக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. அத்தனை வாரமும் அவளும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள் போல.

பையிலிருந்த சட்டைகளை நர்ஸம்மா எடுத்துப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். "நாளைக்கு வார்டுக்குக் கொண்டுபோறேன். துணி இல்லாம வந்து சேர்ற பொண்ணு அங்க எப்பவும் ஒண்ணு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டையோட வெளிய போற மொதப் பிள்ள நம்ம பிள்ளையாத்தான் இருக்கும்."

"பூட்டு?" என்றாள் பூட்டுக்கடைக்காரி.

"அதுவும் போகட்டும்."

"போகட்டும். ஆனா அண்ணி, அடுத்த வாரம் அந்தப் பச்ச அட்டைய எடுத்துட்டு வாங்க. எப்படிப்பட்ட ஆளுக்கு ரூம் குடுக்க இருந்தேன்னு நான் பாக்கணும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்தார்கள். அண்ணன் எழுந்து போகப் பார்த்தார். நர்ஸம்மா முறைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீயே ஆரம்பி" என்றார் நர்ஸம்மா அண்ணியிடம். "நன்றி சொல்லு. இன்னிக்குப் பேரச் சொல்லியே சொல்லலாம். அவ கோவிச்சுக்க மாட்டா."

அண்ணி கண்ணை மூடினாள். சாம்பல் அட்டைப் பெண்ணின் பெயரை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். மற்றவர்களும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். சுவரோரமாக இருந்து, கொஞ்சம் தாமதமாக, கட்டுப் போடுகிறவரின் குரலும் வந்து சேர்ந்தது.